முனியாண்டி திருப்பிக் கொடுத்த தலை

காட்டுப் பாலூட்டி ஒட்டுண்ணிக் கண்காணிப்பு நிலையம் என்று ஒன்று இருப்பது நாற்பத்தோரு வயதுவரை பாலனுக்குத் தெரியாது. தெரியாமலே இருந்திருந்தால் அவனுக்கு நல்லது. தம்பி வாசுவின் உடம்பு வீங்கத் தொடங்கிய பிறகுதான், இப்படியொரு நிலையம் தலைநகரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் குளிர்சாதனம் போட்டு உட்கார்ந்து, நம் எல்லோருக்காகவும் உழைத்துக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரிய வந்தது.

பாலன் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலைக்கு லோரி ஓட்டுகிறான். வாசு கேரி தீவில் செம்பனைத் தோட்டத்தில் எண்ணெய்க் குலை வெட்டுகிறவன். அங்கே காட்டுப்பன்றிகள் இளங்கன்றுகளின் குருத்தைத் தின்றுவிடும். அதனால் வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை நாய்களோடும் வேல்கம்புகளோடும் ஒரு கூட்டம் கிளம்பும். விழுந்த பன்றியைத் தோட்டத்துப் பூசாரி நாகையா கூறு போடுவார். வந்தவர்களுக்கெல்லாம் சமமான கூறு. ஆண் துணை இல்லாத வீடுகளுக்கும் ஒவ்வொரு கூறு. தலை மட்டும் யாருக்கும் கிடையாது. அதை உப்பும் மஞ்சளும் அப்பி, மண்சட்டியில் வைத்து மூடி, முனியாண்டி மேடைக்கு முன்னால் புதைத்துவிடுவார்கள். அடுத்த வேட்டையில் புதுத் தலை வரும்வரை அது சாமியின் பொறுப்பு.

இன்னொரு வழக்கமும் உண்டு. எவனுடைய நாய் பன்றியை முதலில் மடக்கி நிறுத்துகிறதோ அவனுக்குச் சவ்வுக்கறி. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் தடுப்பாகக் கிடக்கும் தட்டையான சதை அது. அதை வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. பன்றி விழுந்த இடத்திலேயே கங்கில் வாட்டி, எல்லோரும் பார்க்க அவன் ஒருவனே சாப்பிட வேண்டும். பதினோரு வருஷம் வேட்டைக்குப் போன வாசுவுக்கு இந்த முறைதான், அவன் நாய் டைகரால், அந்த மரியாதை கிடைத்தது. கறியை வாட்டிக் கொடுத்தது பாலன்.

"இன்னும் ரெண்டு நிமிஷம் இருடா," என்றான் பாலன்.

"போதும்ணே, கருக விட்டுராத. எல்லாரும் பாக்கறானுங்க," என்றான் வாசு.

கூறு வாங்கிப் போனவர்கள் கறியை எலும்பு கழலும்வரை வேகவைத்துப் பிரட்டல் செய்து சாப்பிட்டார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வாசுவுக்கு இரண்டாவது வாரம் காய்ச்சல் வந்தது. மூன்றாவது வாரம் கண்ணிமைகள் வீங்கி மூடிக்கொண்டன; கையைத் தூக்கித் தண்ணீர் குடிக்கக்கூட முடியவில்லை. அந்த இரண்டு நிமிஷத்தைப் பற்றி பாலன் யாரிடமும் சொல்லவில்லை. வாசுவின் மனைவி புனிதாவின் முகத்தைப் பார்த்துப் பேசுவதையும் அவன் நிறுத்திவிட்டான்.

கிள்ளான் மருத்துவமனையில் டாக்டர் சந்திரகலா பாலனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"கறில இருந்த புழு ஒடம்புச் சதைக்குள்ள போயிருக்குன்னு நெனைக்கிறேன் அண்ணே. ஹார்ட்டையும் தொட்டிருக்கு. சாதாரண பூச்சி மருந்து கொடுத்தாச்சு, அது பத்தல. அடுத்த மருந்து ரொம்ப ஸ்ட்ராங். புழுவா இருந்தா காப்பாத்தும். வேற நோயா இருந்தா அந்த மருந்தே ஆளக் கொண்டு போயிடும்."

"பாத்துச் சொல்ல முடியாதா டாக்டர்?"

"கால்ல கொஞ்சம் சதை எடுத்துப் பார்த்தோம். ஒன்னும் சிக்கல. அந்தப் பன்றிய டெஸ்ட் பண்ணி, புழு இருக்குன்னு ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க. பெரிய டாக்டருங்க சம்மதிச்சிடுவாங்க, நான் அன்னிக்கே ஆரம்பிச்சிடுவேன். அந்த டெஸ்ட் ஒரே எடத்துலதான் பண்றாங்க."

"எத்தன நாளு டைம் இருக்கு?"

"நாள் கணக்கு பாக்காதீங்க. போயிட்டு சீக்கிரம் வாங்க."

புனிதா தன் வீட்டுக் கூறில் இருந்து ஒரு பொட்டலத்தை உறைபெட்டியில் வைத்திருந்தாள். வாசு எழுந்து வந்ததும் சமைக்கலாம் என்று வைத்தது. பாலன் அதை ஐஸ் பெட்டியில் அடுக்கி, கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறினான்.

நிலையம் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் பதினான்காவது மாடியில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் ரயில் தண்டவாளமும் பூமாலைக் கடைகளும் தெரியும். காட்டைத் தவிர எல்லாம் தெரியும். வரவேற்பறையில் 'பூஜ்யமே நம் பெருமை' என்று பொன்னெழுத்தில் எழுதியிருந்தது. அதன் பக்கத்தில் சட்டம் போட்ட தரச் சான்றிதழ், எண் 70412. நிலையம் தொடங்கி ஆறு வருஷத்தில் எந்தக் காட்டு விலங்கிலும் ஒரு புழுகூட இருந்ததாகப் பதிவு இல்லை. அந்தச் சாதனைக்குத்தான் சான்றிதழ்.

பாலன் எண் சீட்டு எடுத்தான். ஒன்று என்று வந்தது. அறையில் வேறு யாரும் இல்லை. முகப்பில் உட்கார்ந்திருந்த ராஜேஷ்குமார் என்ற இளைஞன் அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இயந்திரம் கூப்பிடுவதற்காகக் காத்திருந்தான். நாற்பது நிமிஷம் கழித்து இயந்திரம் ஒன்றாம் எண்ணைக் கூப்பிட்டது.

"சாரி அண்ணே, மிஷின் கூப்பிடாம நாங்க கூப்பிட முடியாது லா. என்ன சாம்பிள்?"

"காட்டுப்பன்னி. தொடைக்கறி."

ராஜேஷ்குமார் வருத்தத்தோடு நாக்கைச் சப்பினான். முப்பத்தொரு கட்டங்கள் கொண்ட ஒரு படிவத்தை எடுத்துக் காட்டினான். விலங்கின் பால் (ஆணா, பெண்ணா), எடை, பல்லைக் கொண்டு கணித்த வயது, வசித்த இடம். விலங்கு என்பது யார் என்பதற்கு மேலேயே விளக்கம் இருந்தது: 'காடு அல்லது தோட்ட எல்லைக்குள் வாழ்ந்து, தாய்ப்பால் குடித்து வளர்ந்த எதுவும்.' இருபத்தேழாம் கட்டத்தில், 'இறப்பதற்கு முன் விலங்கு ஏதேனும் உபாதை தெரிவித்ததா?' என்று கேட்டிருந்தார்கள்.

"நாக்கு, இல்லாட்டி சவ்வு. ரெண்டுல ஒன்னு வேணும் அண்ணே. தொடை எடுக்க மாட்டோம்."

"தொடையில புழு இருக்காதா பாஸ்?"

"இருக்கலாம். ஆனா ஃபாரத்துல தொடைக்குக் கட்டம் இல்ல."

"சவ்வ என் தம்பி தின்னுட்டான்."

"அப்ப நாக்கு கொண்டாங்க."

"நாக்கு முனியாண்டிகிட்ட இருக்கு."

ராஜேஷ்குமார் தட்டச்சு செய்யத் தொடங்கினான். "முனியாண்டியோட ஐசி, அடையாள கார்டு நம்பர் என்னா அண்ணே?"

"சாமி பாஸ்."

"ஓ," என்றான் அவன். ஐசி கட்டத்தைத் தாண்டினான். "அப்ப முகவரி மட்டும் போட்டுக்கறேன்."

பிறகு ஒன்பதாம் கட்டத்தைத் தொட்டுக் காட்டினான். 'விலங்கை வேட்டையாடியவர் பெயர், உரிம எண்.' பெயர் எழுதினால் அது தானாகவே அமலாக்கப் பிரிவுக்குப் போகும் என்றான். எழுதாவிட்டால் படிவம் எங்கேயும் போகாது. தோட்டத்தில் வேல்கம்பு தூக்குகிற எவனிடமும் உரிம எண் இல்லை. நாய்களிடமும் இல்லை.

"நானே வேட்டையாடினேன்னு எழுதிக்கோங்க. புடிச்சிட்டுப் போகட்டும்," என்றான் பாலன்.

"புடிக்கறதுக்கும் உரிம எண் வேணுமே அண்ணே," என்று ராஜேஷ்குமார் நிஜமாகவே வருந்தினான்.

அன்று சாயங்காலம் பாலன் கேரி தீவுக்குப் போய் நாகையாவின் வீட்டு வாசலில் நின்றான். விஷயத்தைச் சொன்னான்.

"சாமிக்குக் கொடுத்தத திரும்பக் கேட்ட ஆளு இந்தத் தோட்டத்துல இல்லடா," என்றார் நாகையா.

"தெரியும் மாமா. எனக்கு வேற வழி தெரியல. அவன் மூச்சு விடறதே பாக்க முடியல."

மறுநாள் விடிந்ததும் இருவரும் மேடைக்குப் போனார்கள். நாகையா ஒரு சுருட்டும் ஒரு பாட்டில் கறுப்பு பீரும் வைத்து, சூடம் கொளுத்தி, எலுமிச்சம்பழத்தை அறுத்துப் போட்டார். 'இந்தப் பயலோட தம்பி சாகக் கெடக்கான், தலையக் கொஞ்சம் கொடு, அடுத்த வேட்டையில ரெண்டு தலையா வாங்கிக்க' என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். பல்லி சத்தம் போட்டது. மொத்தமாகப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். முனியாண்டி படிவம் எதுவும் கேட்கவில்லை. உரிம எண்ணும் கேட்கவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே சாமியும் கொடுத்துவிட்டது, பூசாரியும் கொடுத்துவிட்டார். பதினான்காவது மாடிதான் பாக்கி.

தலையோடு ரயிலில் போவது எளிதாக இல்லை. பாலன் உட்கார்ந்த பெட்டி, ஷா ஆலாம் ஸ்டேஷன் வருவதற்குள் நாற்றத்தில் காலியாகிவிட்டது. கட்டடத்தின் காவலாளி அவனைச் சாமான் தூக்கும் லிஃப்ட்டில் ஏற்றிவிட்டான். எண் சீட்டு மறுபடியும் ஒன்று என்றே வந்தது. ராஜேஷ்குமார் மூக்கைப் பொத்திக்கொண்டே படிவத்தைப் புரட்டினான்.

"பொதைச்சு எடுத்ததா அண்ணே? அப்ப அது அகழ்வுப் பிரிவு. எங்ககிட்ட அந்தப் பிரிவு இன்னும் தொடங்கல."

பாலன் கோபப்படுகிற ஆள் இல்லை. லோரி ஓட்டுகிறவனுக்குக் கோபம் வந்தால் நாலு பேர் சாவார்கள் என்று பழகி வைத்திருந்தான். ஆனால் அன்றைக்கு அவன் சட்டியை முகப்பில் வைத்துவிட்டு, வாயைத் திறந்து, அப்படியே அழ ஆரம்பித்தான். அழுகிறவர்களுக்கு நிலையத்தில் ஒரு நடைமுறை இருந்திருந்தால் ராஜேஷ்குமார் அதைப் பின்பற்றியிருப்பான். இல்லாததால் உள்ளே போய் ஆய்வகத்திலிருந்த ஹாஜிராவைக் கூட்டி வந்தான்.

ஹாஜிரா கையுறையை மாட்டிக்கொண்டு சட்டியின் மூடியைத் திறந்தாள்.

"மேடம், அது பன்னி," என்று ராஜேஷ்குமார் அவசரமாகச் சொன்னான்.

"தெரியும் லா. கிளவுஸ் போட்டிருக்கேன்ல. நான் இங்க வேலைக்கு வந்திருக்கேன், விருந்துக்கு வரல." நாக்கை விரலால் அழுத்திப் பார்த்தாள். "நல்லா உப்புப் போட்டிருக்காங்க அண்ணே. இந்தப் புழு லேசுல அழியாது. செத்துக் கெடந்தாலும் கண்ணுக்குத் தெரியும். மைக்ராஸ்கோப்புல வச்சா அரை மணி நேர வேலை."

"வச்சுப் பாருங்கம்மா. புண்ணியமாப் போகும்."

ஹாஜிரா அவனை ஆய்வகத்துக்குள் கூட்டிப் போனாள். நடுமேசையில் ஒரு புது நுண்ணோக்கி இருந்தது. அதைச் சுற்றி மஞ்சள் ரிப்பன் கட்டி, மேலே ஒரு பூமுடிச்சுப் போட்டிருந்தார்கள். ரிப்பனில் தூசு படிந்திருந்தது.

"வந்து எட்டு மாசம் ஆச்சு அண்ணே. டான்ஸ்ரீ பட்டம் வாங்கின பெரிய மனுஷர் ஒருத்தர் வந்து திறந்து வைக்கணும். பழச ஏலம் விட்டுட்டாங்க. போன மாசம் ரிப்பனக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தேன். விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தாங்க. இன்னொன்னு வந்தா வேலை போயிடும்."

"எட்டு மாசமா இங்க என்னா வேலை பாக்கறீங்க?"

"அறிக்கை எழுதறோம்," என்றாள் ஹாஜிரா. அவள் குரலில் வெட்கம் இருந்தது. அந்த மாடியில் வெட்கப்படத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

அவள் அவனைத் துணை இயக்குநர் டாக்டர் பரமேஸ்வரனின் அறைக்குக் கூட்டிப் போனாள். பரமேஸ்வரன் எழுந்து நின்று பாலனின் கையைக் குலுக்கினார்.

"ஆறு வருஷமா உங்களத்தான் தேடிக்கிட்டு இருக்கோம் மிஸ்டர் பாலன்," என்றார். "எங்க ஆண்டறிக்கையில பொதுமக்கள் பங்கேற்புன்னு ஒரு பக்கம் இருக்கு. ஒவ்வொரு வருஷமும் அது காலியாப் போகுது. மேலிடத்துல கேக்கறாங்க. இப்ப நீங்க வந்துட்டீங்க. கையில தலையோட வந்திருக்கீங்க. எவ்வளவு பெரிய பங்கேற்பு."

"சார், தம்பிக்கு ரொம்ப முடியல. இன்னிக்கே பாத்துச் சொன்னீங்கன்னா..."

"வெள்ளிக்கிழமை திறப்பு விழா. உங்க சாம்பிள்தான் முதல் சாம்பிள். மேடையில வச்சு, டான்ஸ்ரீ கையால. இந்தக் கௌரவம் யாருக்குக் கெடைக்கும்?"

"இன்னிக்குப் புதன்தான் ஆச்சு சார்."

"அதான் சொல்றேன், இடையில ஒரு நாள்தான். விழா காலையில ஒன்பது மணிக்கே. அந்த ஒன்பதாம் கட்டம் இருக்கில்ல, அத விழாவுக்காக நான் தளர்த்தறேன். எங்ககிட்ட மனிதாபிமானம் இல்லன்னு யாரும் சொல்லிடக் கூடாது."

பாலன் கும்பிட்டான். கும்பிடாமல் என்ன செய்வது? குடுமி அவர் கையில் இருந்தது.

வியாழக்கிழமை முழுக்க அவன் மருத்துவமனையில் வாசுவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். வாசுவின் கண்கள் இரண்டு கோடுகளாகத்தான் திறந்தன. மூக்கில் குழாய் இருந்தது. புனிதா பஞ்சில் தண்ணீர் தொட்டு அவன் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தாள்.

"பன்னி என்னா சொல்லுச்சுண்ணே?" என்று கேட்டான் வாசு.

"நாளைக்குச் சொல்லும்டா. மேடை போட்டுச் சொல்லப் போவுது."

வாசு சிரிக்க முயன்றான். முகத்துச் சதை அதற்கு இடம் கொடுக்கவில்லை. "டைகருக்குச் சோறு வச்சியா?"

"வச்சேன். நல்லா இருக்கு. அதுவும்தான் ஒரு துண்டு தின்னுச்சு, அதுக்கு ஒன்னுமே ஆகல."

"அதுக்கு யாரும் மரியாத கொடுக்கலல்ல," என்றான் வாசு. பிறகு தூங்கிவிட்டான். பாலன் வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்து, இரண்டு நிமிஷம் என்பது எவ்வளவு நேரம் என்று கைக்கடிகாரத்தில் பார்த்தான். ஒரு சுருட்டைக்கூட ஒழுங்காகப் பற்றவைக்க முடியாத நேரம் அது.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு பாலன் முதல் வரிசையில் உட்கார வைக்கப்பட்டான். அவனுக்குப் பூவேலை போட்ட ஒரு பாத்தேக் சட்டை கொடுத்து மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். நாக்கை வெட்டி எடுத்து வெள்ளித் தட்டில் வைத்து, நாற்றம் தெரியாமலிருக்க மல்லிகைச் சரம் சுற்றி, மேடையில் விளக்கு வெளிச்சத்தில் வைத்திருந்தார்கள். பத்து மணிக்கு நிலையப் பாடல். பத்தரைக்கு ஊழியர்கள் புழு வேடம் போட்டு ஆடினார்கள். ஆட்டத்தின் முடிவில் எல்லாப் புழுக்களும் நிலையத்தின் கொடியைப் பார்த்துப் பயந்து ஓடின. கைதட்டல் நன்றாக இருந்தது. டான்ஸ்ரீ வழியில் இருப்பதாக அரைமணிக்கு ஒரு தடவை அறிவித்தார்கள்.

"டான்ஸ்ரீ எங்க இருக்காரு பாஸ்?" என்று பாலன் ராஜேஷ்குமாரிடம் கேட்டான்.

"இன்னும் வீட்டுலதான் அண்ணே. ஆனா கெளம்பற மூட்ல இருக்காராம்."

பன்னிரண்டே முக்காலுக்கு டான்ஸ்ரீ வந்தார். பரமேஸ்வரன் வரவேற்புரை ஆற்றினார்.

"ஒட்டுண்ணி என்பது என்ன? இன்னொருவர் உடம்பில் குடியேறி, அவர் உணவைத் தின்று, அவர் சோர்ந்து விழும்போதும் தான் மட்டும் செழிப்பாக இருப்பது. தான் இருப்பதே வெளியில் தெரியாதபடி இருப்பது. இந்தக் கலையை ஆறு ஆண்டுகளாக மிக நெருக்கமாக இருந்து கற்றவர்கள் நாங்கள். மற்ற நாடுகளில் காட்டு இறைச்சி தின்பவர்களிடையே ஒட்டுண்ணி அதிகம் என்கிறார்கள். காரணம் என்ன? அவர்கள் தேடுகிறார்கள். தேடினால் கிடைக்கத்தான் செய்யும். நாம் அந்தத் தவறைச் செய்யவில்லை. பூஜ்யத்தை அடைவது எளிது. ஆறு ஆண்டுகள் பூஜ்யத்திலேயே நிற்பதற்குத்தான் ஒழுக்கம் வேண்டும்."

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பாலனும் எழுந்தான். எழாவிட்டால் நாக்கைப் பார்க்க மாட்டார்களோ என்று பயந்தான். அவனை மேடைக்கு அழைத்து, மக்கள் பங்காளர் என்று ஒரு சான்றிதழும் ஒரு குடையும் கொடுத்துப் படம் எடுத்தார்கள்.

டான்ஸ்ரீ ரிப்பனை வெட்டினார். ஹாஜிரா நாக்கிலிருந்து ஒரு துணுக்கைக் கண்ணாடிச் சில்லில் நசுக்கித் தயாராகக் கையில் பிடித்திருந்தாள். அவள் அதை வைப்பதற்குள் டான்ஸ்ரீ குனிந்து நுண்ணோக்கியில் கண்ணை வைத்துவிட்டார். புகைப்படக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"அருமை," என்றார் டான்ஸ்ரீ. "சுத்தமா இருக்கு. ஒன்னுமே இல்ல. வாழ்த்துகள்."

மண்டபம் அதிர்ந்தது. பரமேஸ்வரன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ராஜேஷ்குமார் கணினியில் 'இல்லை' என்று பதிந்து ஒரு பொத்தானைத் தட்டினான். சாப்பாட்டுப் பந்திக்கு எல்லோரும் எழுந்து போனார்கள்.

ஹாஜிரா போகவில்லை. சில்லை வைத்து, குனிந்து, வெகுநேரம் பார்த்தாள். பிறகு பாலனைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"இருக்கு அண்ணே. சுருண்டு சுருண்டு படுத்திருக்கு. எண்ண முடியல. நீங்களும் பாருங்க."

பாலன் பார்த்தான். வெளிச்சமான வட்டத்துக்குள் சின்னச் சின்னதாக, ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு அறை கட்டிக்கொண்டு படுத்திருந்தன. இவ்வளவு சின்னதா என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம் தம்பியின் நெஞ்சு ஞாபகம் வந்தது.

பரமேஸ்வரன் பிரியாணித் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். ஹாஜிரா சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

"ஒரு சாம்பிளுக்கு ஒரு முடிவுதான் ஹாஜிரா. அதுவும் டான்ஸ்ரீ வாயால வந்த முடிவு. மறுபரிசீலனை வேணும்னா மனு போடலாம், பதினாலு வேலை நாள். மிஸ்டர் பாலன், உங்க முகம் ஏன் இப்படி இருக்கு? புழு இல்லங்கறது நல்ல செய்திதானே?"

"சார், தம்பி செத்துருவான் சார்." பாலன் அவர் காலைத் தொடக் குனிந்தான்.

"உணர்ச்சிவசப்படாதீங்க. லெட்டர் ஏற்கனவே ஆஸ்பத்திரிக்குப் போயிடுச்சு. பாத்தீங்களா எங்க வேகத்த? ரெண்டு நிமிஷம்கூட ஆகல."

ஹாஜிரா மாடிப்படிக்குப் போய், பாலனின் கைப்பேசியில் டாக்டர் சந்திரகலாவைக் கூப்பிட்டாள். தன் முழுப்பெயரையும் பதவியையும் சொன்னாள். வேலை போகும் என்று தெரிந்தே சொன்னாள். டாக்டரின் மேசையில் நிலையத்தின் கடிதம் வந்து கிடந்தது: புழு இல்லை என்று முத்திரையோடு. பெரிய டாக்டர்கள் முத்திரையைத்தான் பார்த்தார்கள். சந்திரகலா அன்று மாலை முழுவதும் அவர்களோடு வாதாடி, தன் பொறுப்பில் என்று கையெழுத்துப் போட்டு, சனிக்கிழமை பகலில் மருந்தை ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றரைக்கு வாசுவின் இதயம் நின்றது.

"புதன்கிழமையே ஆரம்பிச்சிருந்தா..." என்றாள் டாக்டர். புனிதா சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். பாலனால் அழ முடியவில்லை. அன்று மழை பெய்தது. அவன் கையில் நிலையத்தின் குடை இருந்தது. அதை மருத்துவமனை வாசலிலேயே போட்டுவிட்டு நனைந்தபடி லோரிக்குப் போனான்.

அடக்கம் முடிந்து நாலாம் நாள் ராஜேஷ்குமார் போன் செய்தான். பிரேதப் பரிசோதனையில் எடுத்த உறுப்புகளின் மாதிரிகளை மருத்துவமனை நிலையத்துக்கு அனுப்பியிருந்தது. குடும்பத்தார் வந்து படிவம் நிரப்பினால்தான் நிலையம் பார்க்கும். பார்த்தால்தான் இறப்புக்குக் காரணம் எழுதுவார்கள். இல்லையென்றால் 'காரணம் தெரியவில்லை' என்றே இருக்கும்.

போக வேண்டாம் என்றாள் புனிதா. நாகையாதான் போகச் சொன்னார். "காரணம் எழுதினாத்தான்டா மத்த தோட்டத்துக்காரன் நம்புவான். அங்கயும் சவ்வுக்கறி வாட்டறானுங்க. இன்னொரு பயல தூக்கிக் கொடுக்க முடியாது."

பாலன் பதினான்காவது மாடிக்குப் போனான். எண் சீட்டு எடுத்தான். ஒன்று. முகப்பில் ராஜேஷ்குமார் எழுந்து நின்றான். இயந்திரம் கூப்பிடும்வரை நின்றுகொண்டே இருந்தான். ஆய்வகத்தில் ஹாஜிராவின் நாற்காலி காலியாக இருந்தது. நுண்ணோக்கியின் மேல் ஒரு பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார்கள்.

"மனுசனுக்குத் தனி ஃபாரம் இல்ல அண்ணே. ஆனா டெபுடி டைரக்டர் சொன்னாரு, விளக்கத்துல சரியா வருதாம். தோட்டத்துல இருந்தவரு, தாய்ப்பால் குடிச்சவரு."

"குடிச்சான்," என்றான் பாலன். "ரெண்டு வயசு வரைக்கும்."

அவன் உட்கார்ந்து எழுதத் தொடங்கினான். பால்: ஆண். எடை: அறுபத்தெட்டு கிலோ. பல்லைக் கொண்டு கணித்த வயது: முப்பத்துநாலு. வசித்த இடம்: கேரி தீவு. நாக்கு: இருக்கிறது. சவ்வு: இருக்கிறது. பன்றியிடம் இல்லாத எல்லாம் தம்பியிடம் இருந்தது. இருபத்தேழாம் கட்டத்தில், இறப்பதற்கு முன் விலங்கு ஏதேனும் உபாதை தெரிவித்ததா என்ற கேள்விக்கு, 'ஆம். எல்லோரிடமும் சொன்னான்' என்று எழுதினான்.

ஒன்பதாம் கட்டத்தை மட்டும் விட்டு வைத்திருந்தான். விலங்கை வேட்டையாடியவர் பெயர். முதலில் தன் பெயரைத்தான் எழுத நினைத்தான். கங்கில் கறியைத் திருப்பிய கை அவனுடையது. பேனா முனையை வைத்தான். பிறகு மெதுவாக, கோணாமல், காட்டுப் பாலூட்டி ஒட்டுண்ணிக் கண்காணிப்பு நிலையம், பதினான்காவது மாடி, பிரிக்ஃபீல்ட்ஸ் என்று எழுதி நீட்டினான்.

ராஜேஷ்குமார் ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் படித்தான். ஒன்பதில் விரல் நின்றது. நிமிர்ந்து பாலனைப் பார்த்தான், மறுபடி குனிந்தான்.

"உரிம எண் எழுதலியே அண்ணே."

பாலன் சுவரைப் பார்த்தான். பேனாவைத் திரும்ப வாங்கி, சட்டம் போட்ட தரச் சான்றிதழின் எண்ணை ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்துப் பார்த்து எழுதினான். 70412.

ராஜேஷ்குமார் படிவத்தையும் சுவரையும் ஒப்பிட்டான். சரியாக இருந்தது. 'முழுமை' என்ற முத்திரையை எடுத்து மையில் தோய்த்துக் குத்தினான். ஆறு வருஷத்தில் முப்பத்தொரு கட்டமும் நிரம்பி வந்த முதல் படிவம் அது.

"ரெண்டு நிமிஷம் இருங்க அண்ணே," என்றான். "ரசீது எடுத்துத் தரேன்."